எமது வீட்டிற்கு வந்த மின்கிற்றார்

எமது தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, நாம் சற்றுத் தயங்கினோம். கடந்த ஆண்டுகளின் மலர்களைப் புரட்டிப் பார்த்தால், திருக்குறளின் பெருமை பற்றியும், தாய்மொழிக் கல்வியின் அவசியம் பற்றியும், விட்டு வந்த ஊர்களின் கோவில் திருவிழாக்கள் பற்றியும் பலர் சிறப்பாக எழுதியிருக்கிறார்கள். அவற்றுக்கு மேலாகச் சொல்வதற்கு எம்மிடம் எதுவுமில்லை. ஆயினும், எமது வீட்டில் நீண்ட காலமாக நடந்த ஒரு சிறு வழக்கும், அதில் நாம் தோற்ற விதமும், ஏனைய பெற்றோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம். அந்த வழக்கின் பொருள் ஒரு மின்கிற்றார்.

எமது மூத்த மகள் ஏழு வயது முதல் இப்பாடசாலையில் சனிக்கிழமைகளில் காலையில் தமிழும், மாலையில் வீணையும் பயின்று வந்தாள். வீணையை அவள் விரும்பிக் கேட்கவில்லை, நாமே சேர்த்துவிட்டோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அம்மம்மா ஊரில் வீணை வாசித்தவர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, அந்த வீணை வீட்டின் நடு அறையிலே உறையிட்டபடி விடப்பட்டது. பின்னர் சென்று பார்த்தபோது வீட்டிற்குக் கூரையும் இல்லை, வீணையும் இல்லை. இழந்த வீணையைப் பேத்தியின் மடியில் மீண்டும் காண வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டோம். அம்மம்மா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். அது முழுவதும் எமது ஆசையே.

பதின்மூன்று வயதில் மகள் ஒருநாள், "எனக்கு இனி வீணை வேண்டாம், மின்கிற்றார் படிக்கப் போகிறேன்" என்றாள். எமக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது. சத்தம், அயலவரின் முறைப்பாடு, படிப்புக் கெடும், கூடாத சேர்க்கை என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னோம். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. வீணையை அவள் விடுவது, நாம் ஊரை இரண்டாவது தடவை விடுவதுபோல் இருந்தது. ஒரு சிறுமியிடம் அதை எவ்வாறு சொல்வது?

பல மாத வாதத்தின் பின்னர் அரை மனத்துடன் இணங்கினோம். கடைக்குப் போய்ப் பார்க்கவில்லை. அறிந்தவர் எவரிடமும் கேட்கவில்லை. கணினியின் முன்னிருந்து, கிற்றாரும் சிறிய அம்பிளிபயரும் வயரும் சேர்ந்து 120 பவுண் என்று கண்ட ஒரு பொதியை வாங்கி அனுப்பச் செய்தோம். கறுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. "கிற்றார் என்றால் எல்லாம் கிற்றார்தானே" என்பது அன்றைய எமது அறிவு. வீணை வாங்கும்போது தஞ்சாவூர் வீணையா, குடம் ஒரே மரத்தில் குடைந்ததா என்று பத்துப் பேரிடம் விசாரித்த நாம், இதற்கு ஒருவரிடமேனும் விசாரிக்கவில்லை.

மகள் முதல் இரண்டு மாதங்கள் ஆர்வத்துடன் பயின்றாள். பின்னர் விரல் நுனிகள் வெட்டுப்பட்டன. தோள் நோகிறது என்றாள். ஆறாவது மாதம் கிற்றார் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது. அப்போது நாம் சொன்ன வார்த்தைகளை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. "வீணையையும் விட்டாய், கேட்டு வாங்கிய இதையும் விட்டாய், உனக்கு எதிலும் உறுதி கிடையாது" என்றோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. அதன் பின்னர் எம்முடன் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்புக்குப் புறப்படுவதற்கும் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அடுத்த கோடை விடுமுறையில், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கிற்றாரை விற்றுவிடலாம் என்று எண்ணி, எமது பகுதியில் இசைக்கருவிகளைத் திருத்தும் ஒரு முதியவரிடம் கொண்டு சென்றோம். மகளும் கூட வந்திருந்தாள். அவர் கிற்றாரைக் கையில் எடுத்து, ஒரு சிறிய உருக்கு அளவுகோலைத் தந்திகளுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது மெட்டுக்கும் தந்திக்கும் இடையில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தது. மின்கிற்றாரில் அது 2 மில்லிமீற்றருக்கு உட்பட்டிருப்பதே வழக்கம். மெட்டுகளின் ஓரங்கள் அராவப்படாமல் கூராகவே இருந்தன. தந்திகளும் தடிப்பானவை. பின்னர் கிற்றாரைத் தராசில் வைத்தார். நான்கரைக் கிலோவுக்கு மேல் காட்டியது. அவர் மகளைப் பார்த்து, "இதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் பயின்றாயா? நானாக இருந்தால் ஆறு நாளில் விட்டிருப்பேன்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் எமது வழக்கு முடிந்துவிட்டது. குற்றவாளி யாரென்பது தெரிந்துவிட்டது. அன்றிரவு மகளின் அறைக் கதவைத் தட்டி, நாம் இருவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எமது தலைமுறையினரிடம் அதிகம் இல்லை. எம்முடைய பெற்றோர் எம்மிடம் கேட்டதாக நினைவும் இல்லை. அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கை நோகுது எண்டு நான் சொன்னனான்தானே அம்மா" என்றாள். ஆம், சொன்னாள்தான். எமது காதில்தான் விழவில்லை.

இதன் பின்னரே நாம் மின்கிற்றாரைப் பற்றி ஒழுங்காக அறிந்துகொள்ள முற்பட்டோம். நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துப் படித்தோம். திருத்துநரான முதியவரும் பொறுமையுடன் விளக்கினார். நாம் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

சாதாரணக் கிற்றாரில் மரப்பெட்டியே ஒலியைப் பெருக்குகிறது. மின்கிற்றாரில் அந்த வேலையைச் செய்வது தந்திகளுக்குக் கீழே பதிக்கப்பட்டிருக்கும் பிக்கப் என்னும் உறுப்பாகும். காந்தங்களும், அவற்றைச் சுற்றிப் பல ஆயிரம் தடவை சுற்றப்பட்ட தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியும் சேர்ந்ததே பிக்கப். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு செப்புச் சுருளிலே மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்பிளிபயர் அதனைப் பெருக்கி ஒலியாக்குகிறது. எமது பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் மின்காந்தத் தூண்டல் என்று படிப்பது இதனையே. மைக்கல் பரடே 1831 ஆம் ஆண்டு இதே இலண்டன் மாநகரில், அல்பமார்ல் வீதியிலுள்ள ஆய்வுகூடத்தில் கண்டறிந்த உண்மை, நூறு ஆண்டுகளின் பின்னர் ஓர் இசைக்கருவியாயிற்று.

1930 களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் செய்த கிற்றார்தான் வணிக ரீதியில் வெற்றி பெற்ற முதலாவது மின்கிற்றார். வட்டமான உடலும் நீண்ட பிடியும் கொண்ட அதற்கு வறுக்கும் தாச்சி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பெரிய வாத்தியக் குழுக்களில் கொம்புகளின் முழக்கத்தில் கிற்றாரின் குரல் அமுங்கிப் போனதே மின்சாரத்தை நாடியதற்குக் காரணம். ஆனால், பொள்ளான உடலுள்ள கிற்றாரில் பிக்கப்பைப் பொருத்திச் சத்தத்தைக் கூட்டினால், வெளிவரும் ஒலி மீண்டும் உடலை அதிரவைத்து ஊளையிடத் தொடங்கிவிடும். எனவே, பொள் இல்லாத திண்ம மரத்தில் கிற்றார் செய்யும் எண்ணம் பிறந்தது.

அதனைப் பெருமளவில் நிறைவேற்றியவர் கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைத் திருத்தி வந்த லியோ ஃபெண்டர். அவர் 1950 இல் வெளியிட்ட கிற்றார், அடுத்த ஆண்டு ரெலிகாஸ்ரர் என்று பெயர் பெற்றது. 1954 இல் அவருடைய நிறுவனம் ஸ்ராற்றோகாஸ்ரரை வெளியிட்டது. உலகமெங்கும் வாசிக்கப்படும் இக்கருவிகளைப் படைத்த லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிற்றார் வாசிக்கத் தெரியாது. அவர் வாசிப்பவர்களைத் தேடிப் போய், அவர்களுடைய குறைகளைக் கேட்டுக் கேட்டே கருவியைத் திருத்தினார். வீணை தெரியாமலே மகளுக்கு வீணை தெரிவு செய்த எமக்கு இச்செய்தி ஒருவகையில் ஆறுதலாகவும், இன்னொரு வகையில் குத்தலாகவும் இருந்தது. தெரியாதவரும் நல்ல கருவி தரலாம். ஆனால், முதலில் கேட்க வேண்டும்.

அவருக்குப் போட்டியாகக் கிப்சன் நிறுவனம், லெஸ் போல் என்ற புகழ்பெற்ற கலைஞரின் பெயரிலேயே 1952 இல் ஒரு திண்மக் கிற்றாரை வெளியிட்டது. இந்த இரு குடும்பங்களின் வேறுபாட்டை அறிந்துகொண்டால், மின்கிற்றார்களின் தெரிவில் பாதி விளங்கிவிடும்.

முதலாவது வேறுபாடு பிக்கப்பில் இருக்கிறது. ஃபெண்டர் கிற்றார்களில் பெரும்பாலும் ஒற்றைச் சுருள் பிக்கப் இருக்கும். அதன் ஒலி தெளிவானது, கூர்மையானது. ஆனால், சுவரில் ஓடும் மின்சாரத்தின் செக்கனுக்கு 50 தடவை அலையும் துடிப்பையும் அது பிடித்துக்கொள்ளும்; நுளம்பு இரைவதுபோல் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியியலாளர், இரண்டு சுருள்களை எதிர்மாறாக இணைத்தார். இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலியோ ஒன்றோடொன்று கூடும். ஹம்பக்கர் எனப்படும் இந்த இரட்டைச் சுருள் பிக்கப் 1957 முதல் லெஸ் போல் கிற்றார்களில் இடம்பெற்றது. அதன் ஒலி தடித்தது, கனிந்தது. அம்பிளிபயரை உரத்து முடுக்கும்போது நீண்டு நின்று முழங்குவது.

இரண்டாவது வேறுபாடு தந்தியின் நீளம். ஃபெண்டர் கிற்றார்களில் அதிரும் தந்தியின் நீளம் பெரும்பாலும் 25.5 அங்குலம், கிப்சன் கிற்றார்களில் ஏறத்தாழ 24.75 அங்குலம். முக்கால் அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று நாமும் நினைத்தோம். ஒரே சுருதிக்குச் சேர்க்கும்போது நீளம் குறைந்த தந்தியில் இழுவிசையும் குறைவாக இருக்கும். விரலால் வளைப்பது இலகு. நீளம் கூடிய தந்தி சற்று விறைப்பாக நின்று மணிபோல் ஒலிக்கும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 1958 இல் கிப்சன் வெளியிட்ட ஈ.எஸ். 335 என்ற கிற்றாரின் நடுவில் திண்ம மரமும், இரு பக்கங்களிலும் பொள்ளான சிறகுகளும் இருக்கும். ஊளையிடுவது குறைவு, மரத்தின் வெதுவெதுப்பும் கிடைக்கும். புளூஸ் மேதை பி.பி. கிங் லூசில் என்று பெயரிட்டு வாசித்த கிற்றார்களுள் பல இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு ரெலிகாஸ்ரர், கனத்த றொக் இசைக்கு லெஸ் போல், ஜாஸ் இசைக்குப் பொள்ளான உடல் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆயினும், இது வழக்கமே அன்றிச் சட்டம் அன்று.

இவற்றையெல்லாம் படித்தபோது, இது எமக்குப் புதிய செய்தியே அல்ல என்ற உணர்வு தோன்றியது. எமது முன்னோர் சிறிய யாழை வாசித்த பாணரையும் பெரிய யாழை வாசித்த பாணரையும் வேறுபடுத்தியே சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என இரு நூல்களுக்குப் பெயரிட்டார்கள். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று வகுத்தார்கள். குறிஞ்சிக்கு ஒரு யாழ், மருதத்திற்கு ஒரு யாழ் என்று நிலத்திற்கு ஏற்ப யாழும் வேறாயிற்று. மறைந்துபோன அந்த யாழ்களை ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலைத் தந்த சுவாமி விபுலானந்தர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அவர் நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு ஆராய்ந்த அதே இயற்கை விதிதான், முக்கால் அங்குல வேறுபாட்டிலும் வேலை செய்கிறது.

இரண்டாவது தடவை கிற்றார் வாங்குவதற்கு, இசைக்கருவிக் கடைகளுக்குப் பெயர் பெற்ற டென்மார்க் வீதிக்கு மகளையும் அழைத்துச் சென்றோம். திருத்துநர் எமக்கு ஒரு புத்தி சொல்லியிருந்தார். "ஒரே அம்பிளிபயரில், ஒரே பாட்டை, எல்லாக் கிற்றாரிலும் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள்" என்பதே அது. அவ்வாறே நாம் இருவரும் சுவரைப் பார்த்தபடி நின்றோம். கடைக்கு வந்தவர்கள் எம்மை விநோதமாகப் பார்த்திருப்பார்கள்.

மகள் என்ன வாசிக்கப் போகிறாள் என்று எமக்குத் தெரியாது. வாசித்தது மோகன ராகத்து "வரவீணா" கீதம். வீணை வகுப்பில் அவள் பயின்ற முதற் கீதங்களுள் ஒன்று. விட்டுவிட்டாள் என்று நாம் நினைத்தது அவளுடைய விரலில் இருந்தது. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் ரெலிகாஸ்ரர் வடிவக் கிற்றார். வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டியதுபோல ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விழுந்தது. பிழை விட்டால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடும் கருவி அது. அடுத்தது லெஸ் போல் வடிவம். சுரம் நாதஸ்வரத்தின் கார்வைபோல நீண்டு அறையை நிறைத்தது. எமக்கு அதுவே மிகவும் பிடித்திருந்தது. ஆனால், கீதத்தின் பாதியிலேயே மகள் தோளை மாற்றிக்கொண்டாள். பிறகு நடுவில் திண்மமும் ஓரத்தில் பொள்ளும் உள்ள கிற்றார். ஒலி மிக இனிமை, உடலோ அவளுடைய கைக்குள் அடங்காத அகலம். நான்காவதாக ஸ்ராற்றோகாஸ்ரர் வடிவம். அதன் உடல் விலாவோடு பொருந்துமாறு வளைத்துச் செதுக்கப்பட்டிருக்கிறது. மூன்று பிக்கப்புகளும், அவற்றைத் தனியாகவும் சேர்த்தும் தெரிவு செய்வதற்கு ஐந்து நிலை ஆளி ஒன்றும் உண்டு. குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப்பில் ஒலி கூர்மை; கழுத்துக்கு அருகிலுள்ளதில் உருண்டு திரண்டு குளிர்ச்சியாக வந்தது.

"இதுதான்" என்றாள் மகள். ஏனென்று கேட்டோம். "நான் வெள்ளிக்கிழமையில் சிநேகிதப் பிள்ளைகளோடு வாசிக்கிறது வேற, வீட்டில் வாசிக்கிறது வேற. இது ரெண்டுக்கும் வரும், கையும் நோகாது" என்றாள். பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு கருவியைத் தெரிவு செய்வதற்கு இதனிலும் நல்ல காரணம் சொல்ல முடியுமா என்பது எமக்குத் தெரியவில்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய கிற்றார் எமது வசதிக்கு எட்டவில்லை. அதே வடிவத்தில் ஒருவர் பாவித்த கிற்றாரை வாங்கினோம். திருத்துநர் மெல்லிய தந்திகளைப் பூட்டினார், உயரத்தைத் தாழ்த்தினார். ஒரு தந்தியை வளைக்கும்போது ஏனைய தந்திகளின் சுருதி இறங்காதிருக்க, வில்லுகளில் மிதக்கும் குதிரையை ஒரு மரத்துண்டால் இறுக்கிவிட்டார்.

வீட்டிற்கு வந்ததும் அம்மம்மா அதனை மடியில் வைத்துப் பார்த்தார். மெட்டுகளை எண்ணினார். "இருபத்திரண்டு இருக்கு. வீணைக்கு இருபத்திநாலு" என்றார். "குதிரை எது? பிரடை எது?" என்று கேட்டார். மகள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். எமது வீட்டில் அந்தச் சொற்கள் ஒலித்துப் பல மாதங்களாகியிருந்தன. பின்னர் மகள் தந்தியை மெட்டின் மேல் குறுக்காக இழுத்து ஒரு சுரத்தை வளைத்தாள். அம்மம்மா உடனே அவளுடைய விரலைப் பிடித்து, "வெட்டி இழுக்காதை பிள்ளை. ஊஞ்சலை ஆட்டுற மாதிரி, போன வழியே திரும்பி வரவேணும்" என்றார். வீணையில் கமகம் எழுப்புவதும் தந்தியை மெட்டின் மேல் குறுக்காக இழுத்தே. மின்கிற்றாரின் மெல்லிய தந்தியும் அதற்கு இசைந்து கொடுக்கிறது. அன்று மாலை ஒரு மணித்தியாலம் காந்தாரத்தை அசைப்பது எப்படி என்ற பாடம் நடந்தது. நாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

மின்சாரம் கலந்த தந்தியில் எமது இசை வருமா என்று ஐயுறுவோர்க்கு மண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அவர்களை நினைவூட்டுகிறோம். 1980 களில் சிறுவனாகச் சென்னை மேடைகளில் தோன்றிய அவர், வழக்கமான எட்டுத் தந்தி மண்டலினை விடுத்து, ஐந்து தந்திகளைக் கொண்ட மின்மண்டலினைத் தமது கருவியாக ஆக்கிக்கொண்டார். கர்நாடக இசைக்கு இக்கருவி பொருந்தாது என்று சொன்னவர்களின் வாயை அவருடைய வாசிப்பே அடைத்தது. 2014 இல் 45 வயதில் அவர் மறைந்தபோது உலகமே வருந்தியது.

பெற்றோருக்குச் சொல்வதற்கு இந்நாட்டிலேயே இன்னொரு கதையும் உண்டு. இலண்டனின் மேற்குப் புறத்தில் வாழ்ந்த பிரையன் மே என்ற சிறுவனுக்கு மின்கிற்றார் வாங்க வசதியில்லை. 1963 இல் அவரும், மின்னணுவியல் அறிந்த அவருடைய தந்தையாரும் சேர்ந்து, வீட்டிலேயே ஒரு கிற்றாரைச் செய்யத் தொடங்கினார்கள். பழைய கணப்படுப்பின் சட்டத்து மரம், பழைய மோட்டார் சைக்கிளின் வில்லுகள், தாயாரின் தையற் பெட்டியிலிருந்த முத்துச் சிப்பிப் பொத்தான்கள் என்பன அதில் சேர்ந்தன. அதே கிற்றாருடன் அவர் குயின் இசைக்குழுவில் உலகப் புகழ் பெற்றார். 2002 இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரையில் நின்று வாசித்ததும் அக்கிற்றாரையே. வானியற்பியல் ஆய்வை இடைநிறுத்தி மகன் இசைக்குப் போனபோது, கிற்றாரைச் செய்து கொடுத்த அதே தந்தையார் மனம் வருந்தினார். அந்த வருத்தம் எமக்கும் நன்றாக விளங்குகிறது. நின்றுபோன ஆய்வை முடித்து, பிரையன் மே 2007 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார் என்பதைப் படிப்பில் அக்கறையுள்ள பெற்றோருக்காகச் சேர்த்துச் சொல்கிறோம்.

எமது அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். முதலாவது, பிள்ளை எந்த இசையை வாசிக்க விரும்புகிறது என்று கேட்டு, அந்த இசையை நீங்களும் இருந்து கேளுங்கள். இரண்டாவது, பிள்ளையின் கைக்கும் தோளுக்கும் கருவி பொருந்துகிறதா என்று நேரிற் பாருங்கள். மூன்றாவது, வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல அம்பிளிபயருக்கும், கருவியைச் சீர் செய்வதற்கும் ஒதுக்குங்கள். நான்காவது, நோகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.

எல்லாம் இனிது முடிந்தது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. மகள் வீணைக்குத் திரும்பவில்லை. இனித் திரும்புவாள் என்றும் நாம் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவளும் தோழியரும் எழுப்பும் முழக்கத்தை எம்மால் இன்னும் இரசிக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தேநீரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறோம். ஆனால், முழக்கம் முடிந்த பின்னர், ஆளியைக் கழுத்துப் பக்கம் தள்ளிவிட்டு, அம்மம்மாவின் அறைக்கு அருகில் இருந்து அவள் மெதுவாக வாசிக்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் நாம் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவோம்.

தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் என்ற முறையில் இறுதியாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பிள்ளை தமிழ் படிக்கப் பின்னிற்கும்போது, உறுதியில்லை, அக்கறையில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நாம் கையிற் கொடுத்த கருவி அந்தப் பிள்ளையின் விரலுக்குப் பொருந்துகிறதா, தந்தி உயர்ந்து நின்று விரலை வெட்டுகிறதா என்று ஒரு தடவை அளந்து பார்த்தால் என்ன? மனனம் ஒரு பிள்ளைக்கு வரும். நாடகம் இன்னொரு பிள்ளைக்கு வரும். பாட்டு வேறொரு பிள்ளைக்கு வரும். அதை அறிந்து கற்பிக்கும் எமது பாடசாலை ஆசிரியர்களுக்கு எமது நன்றி உரியது.

இவ்வாண்டு விழாவில் பாலர் வகுப்புப் பிள்ளைகள் பாடும் பாட்டிற்கு எமது மகள் மின்கிற்றார் வாசிக்கவிருக்கிறாள். மூன்றே நிமிடம்தான். முன் வரிசையில் அம்மம்மா இருப்பார். இப்பாடசாலை மேன்மேலும் வளர்ந்து, தமிழும் கலையும் எமது பிள்ளைகளின் கைகளுக்கு ஏற்றவாறு போய்ச் சேர வேண்டுமென வாழ்த்தி விடைபெறுகிறோம்.